காசு கொடுத்து மூச்சு வாங்குறவன்

எங்க வீட்டுப் பேரன் போன மாசம் கோலாலம்பூருக்கு ஓடப் போனான். கடன்காரனுக்குப் பயந்து ஓடல. கடன் அட்டையில காசு கட்டி ஓடினான். ரெண்டு நாள் கழிச்சு நம்ம கேமரன் மலை திரிங்காப் கடைத்தெருவுல கூட்டாளியோட காடியிலேர்ந்து எறங்கினான் பாருங்க, நேரா எறங்க முடியல, நண்டு மாதிரி பக்கவாட்டுல எறங்கினான். எங்க வீடு ரோட்டை விடக் கொஞ்சம் பள்ளம். வாசலுக்கு எறங்க மூணே படி. அந்த மூணு படியையும் திரும்பி நின்னுக்கிட்டு, பின்னாலேயே நடந்து எறங்கினான். கழுத்துல சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு இரும்பு தொங்குது.

வீட்டுக்காரி பதறிப்போயி, "புள்ளைக்கு யாருங்க மணி கட்டி விட்டது?"ன்னா.

"மெடல் பாட்டி! 42 கிலோமீட்டர் ஓடி முடிச்சேன்"னான்.

நான் மெதுவா, ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டேன். "மொத பரிசாப்பா?"

"இல்ல தாத்தா. நேரத்துக்குள்ள ஓடி முடிச்ச எல்லாருக்கும் குடுப்பாங்க."

"எல்லாருமா எத்தனை பேரு?"

"ஆயிரக்கணக்குல இருக்கும்."

"காசு கட்டினவங்களுக்கா, கட்டாதவங்களுக்குமா?"

"கட்டினவங்களுக்குத்தான்."

"அப்ப அது மெடல் இல்லப்பா. ரசீது. கொஞ்சம் கனமா அடிச்சிருக்கான், அவ்வளவுதான்"னேன்.

பையனுக்குக் கோவம். ஆனா காலைத் தூக்கி உதைக்கிற நெலமையில இல்ல. அதனால தைரியமா மேல பேசினேன்.

நான் யாருன்னு சொல்லிடுறேன். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுவைக்கு நின்னவன். கொழுந்து மூட்டையைத் தராசுல மாட்டினதும் முள்ளு காட்டுற கணக்கை அப்படியே எழுதிட முடியாது. மழை நாள்ல பறிச்ச கொழுந்துல தண்ணி நிக்கும். சாக்குக்கு ஒரு எடை இருக்கும். அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் எழுதணும். கழிச்சா பொம்பளைங்க திட்டுவாங்க, கழிக்காட்டி கிராணி திட்டுவாரு. ரெண்டு பக்கமும் திட்டு வாங்கித் தேறினவன் நான். எதைப் பாத்தாலும் இதுல கொழுந்து எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னுதான் புத்தி போகும். அஞ்சு கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி வறுத்தா ஒரு கிலோ தேயிலை கிடைச்சா பெருசு. மிச்சமெல்லாம் காத்துல போற ஈரம்.

பேரனோ காய்கறிக் கம்பெனியில கணக்கு எழுதுறவன். ஊரு லோரியில ஏத்துற முட்டைக்கோசுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கான், அவன் காலுக்கு மட்டும் வைக்கல. ஒரு தாளை எடுத்து, "எழுதுப்பா"ன்னேன்.

பந்தயக் கட்டணம் 140 வெள்ளி. தானா ராத்தாவுலேர்ந்து கோலாலம்பூருக்குப் பஸ், போகவர 80. ஓட்டல் ரெண்டு ராத்திரி 260. ஏன் ரெண்டு ராத்திரின்னா, நம்பர் துணியும் சட்டையும் ஓடுற அன்னைக்குக் குடுக்க மாட்டானாம், முன்னாடியே நேர்ல போயி வாங்கணுமாம். ரெண்டாவது ராத்திரி ஓட்டல் கட்டில்ல படுத்தவன் விடியக்காலை ரெண்டரைக்கு எந்திரிச்சுட்டான், ஏன்னா பந்தயம் நாலு மணிக்கு. அரை ராத்திரிக்கு முழு வாடகை. அப்புறம் ஒரு பொட்டலம் 10 வெள்ளின்னு ஆறு ஜெல், 60. ஓடும்போது புடிச்ச போட்டோவை வெலைக்கு வாங்கினது 50. சாப்பாடு, கிராப் காடி 120. கூட்டிப் பாத்தா 710 வெள்ளி.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்க. இங்க சுண்டைக்காய் கால் பணம்கூட இல்ல, அஞ்சுல ஒரு பங்கு. மிச்ச நாலு பங்கும் சுமைகூலி.

710-ஐ 42-ஆல வகுத்தேன். கிலோமீட்டருக்குப் பதினேழு வெள்ளிக்குக் கொஞ்சம் கம்மி. "எந்த டாக்சிக்காரனும் இவ்வளவு கேக்க மாட்டானேப்பா. அவன் காடியில ஏத்திக்கிட்டுப் போவான், நீ உன் கால்லயே போயிருக்க"ன்னேன். 2025-ல அரசாங்கம் அடிப்படைச் சம்பளத்தை மாசம் 1,700 வெள்ளின்னு ஆக்கிச்சு. மாசம் இருபத்தாறு நாள் வேலைன்னு வச்சா, இந்த ஒரு ஓட்டம் பதினோரு நாள் கூலி. வருஷத்துக்கு இப்படி ஆறு பந்தயம் போறான். 4,260 வெள்ளி. ரெண்டரை மாசச் சம்பளம். நாங்க மலையில கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கிட்டு மேலயும் கீழயும் ஓடினப்போ எங்களுக்குத்தான் சம்பளம் குடுத்தாங்க. இப்ப மூச்சு வாங்குறவன் காசு குடுக்கணுமாம். மூச்சையும் வெலைக்கு வாங்குற காலம் வந்துடுச்சு.

வீட்டுக்காரி அடுப்பங்கரையிலேர்ந்து, "அதுல பாதி எனக்குக் குடுத்தா நானே வெளக்குமாத்தை எடுத்துக்கிட்டு பிரிஞ்சாங் வரைக்கும் துரத்துறேன்"னா.

சரி, திட்டினது போதும். இப்ப தராசுல மாட்டுவோம்.

மொதல்ல அந்த 140 வெள்ளி. தம்பிகளா, கெழவன் இதையும் தண்ணின்னு கழிச்சுடுவான்னு நெனைக்காதீங்க. இது கொழுந்து. பட்டணத்து ரோட்டை அடைக்கணும். சந்துக்குச் சந்து போலீஸ் நிக்கணும். ஆம்புலன்ஸ் வேணும், மயங்கி விழுந்தா புடிக்க டாக்டர் வேணும், வழிநெடுகத் தண்ணி வேணும். நம்பர் துணியில ஒட்டியிருக்கிற சிப்பு நேரம் குறிக்கும், அதைப் படிக்க மிஷின் வேணும். தூரம் அளக்கிறதே ஒரு தனி வித்தை. சைக்கிள் முன்சக்கரத்துல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கிட்டு, ஓடுறவன் போகக்கூடிய ஆகக் குறுக்கு வழியிலேயே ஓட்டி அளப்பாங்க. எங்கயாவது குறைஞ்சுடப் போகுதுன்னு ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் கூடவே போடுவாங்க. அப்ப மொத்தத்துல 42 மீட்டர் கொசுறு. இந்தக் காலத்துல எந்த பாசார்ல உங்களுக்குக் கொசுறு கிடைக்குது?

கொசுறுன்னதும் இன்னொண்ணு. 42 கிலோமீட்டரோட நிக்காம 195 மீட்டர் ஏன் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பேரனைக் கேட்டேன். 1908-ல லண்டன் ஒலிம்பிக்ல வின்சர் அரண்மனையில ஓட ஆரம்பிச்சு, ராஜா வீட்டுக்காரங்க உக்காந்த மாடத்துக்கு முன்னாடி முடிச்சாங்களாம். அந்தக் கணக்கையே 1921-ல ஊர் ஒலகத்துக்கெல்லாம் நெலையாக்கிட்டாங்க. துரை வீட்டம்மா உக்காந்த எடத்துலேர்ந்து நல்லாப் பாக்கணுங்கிறதுக்காகத்தான் கடைசி 195 மீட்டருக்கு உங்க காலு வலிக்குது. தோட்டத்துல வேலை பாத்தவனுக்கு இது ஒண்ணும் புதுசில்ல.

இதுல இன்னொரு சூட்சுமம். ஜெயிக்கிறவன் ரெண்டே கால் மணியில முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுறான். நம்ம ஆளு எடுத்துக்கிட்டது அஞ்சு மணி இருபது நிமிஷம். ரோட்டை அவ்வளவு நேரம் அனுபவிச்சான், ஒரு தண்ணிப் பந்தலையும் விடல, எல்லாப் போலீஸ்காரருக்கும் வணக்கம் சொன்னான். கட்டின காசுக்கு முழுசா அறுவடை பண்றவன் மெதுவா ஓடுறவன்தான். பேரன்கிட்ட இதைச் சொன்னேன். பாராட்டா திட்டான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கான்.

ஆனா ஒண்ணு. ஆறு மாசத்துக்கு முன்னாடியே கட்டினா சலுகைன்னு சொல்லுவான். கட்டினப்புறம் கணுக்கால் சுளுக்கினா காசு திரும்பாது, அடுத்தவன் பேருக்கு மாத்தவும் பெரும்பாலும் விடமாட்டான். நாம அப்படி முன்பணம் கட்டுறது கல்யாண மண்டபத்துக்குத்தான். அங்கயாவது சாப்பாடு போடுவாங்க. வெலை ஏறுறதும் ஓயாது. 1970-ல நியூயார்க்ல மொத மாரத்தான் நடந்தப்போ கட்டணம் ஒரே ஒரு டாலர். 127 பேரு ஓடினாங்க, 55 பேரு முடிச்சாங்க. இன்னைக்கு வெளிநாட்டுலேர்ந்து போறவன் 350 டாலருக்கு மேல கட்டணும், அதுக்கும் பெரும்பாலும் குலுக்கல்ல பேரு விழணும். ஓடுறவனைக் கண்டா வெரட்டுறவனுக்கு எளக்காரம்னு சும்மாவா சொன்னாங்க.

இப்ப சப்பாத்து. பேரன் கார்பன் தகடு வச்ச சப்பாத்து ஒண்ணு ஆயிரத்துக்கு மேல குடுத்து வாங்கி வச்சிருக்கான். அதைக் கணக்குல எழுதக்கூட இல்ல, ஏன்னா பாட்டி பக்கத்துல இருந்தா. அந்தத் தகடு காலை முன்னால தள்ளுமாம். தள்ளட்டும். ரெண்டு மணி சொச்சத்துல ஓடுறவனுக்குத் தள்ளினா பரிசு வரும், அஞ்சு மணிக்காரனைத் தள்ளினா என்ன வரும்? ரோட்டோர நாசி லெமாக் கடைக்குக் கொஞ்சம் சீக்கிரம் போய்ச் சேருவான். 1960-ல ரோமாபுரியில அபேபே பிக்கிலா வெறுங்காலோட ஓடி ஒலிம்பிக் தங்கம் வாங்கினாரு. அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம நாட்டுலயே கருப்பு ரப்பர்ல ஒரே வார்ப்பா வார்த்த சப்பாத்து இருக்கு. பால்மரம் சீவுறவங்களும் தோட்டத்துல வேலை செய்றவங்களும் போட்டுக்கிட்டது. பத்துப் பன்னெண்டு வெள்ளிக்குச் சாமான் கடையில தொங்கும். அதுக்கு ஊர் வச்ச பேரு அடிடாஸ் கம்போங். மழையில வழுக்குற மலைப்பாதையில அதைப் போட்டுக்கிட்டுப் போறவன் நூறு மடங்கு வெலை குடுத்தவனைத் தாண்டிப் போறதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். எல்லாரும் அதையே போடுங்கன்னு சொல்லல. தாரு ரோட்டுல 42 கிலோமீட்டருக்கு அது ஆகாது, முட்டி பேசும். காலுக்குப் பொருந்துற, நடுத்தர வெலையில ஒரு நல்ல சப்பாத்து கொழுந்து. அதுக்கு மேல குடுக்கிறது தண்ணி.

ஜெல்லுன்னா என்னன்னு நக்கிப் பாத்தேன். சக்கரைப் பாகு. ஒரு பொட்டலம் 10 வெள்ளிக்கு சக்கரைப் பாகு வித்தவன் இருக்கான் பாருங்க, அவன்தான் அந்தப் பந்தயத்துல உண்மையா ஜெயிச்சவன். ரெண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம், வேக வச்ச வள்ளிக்கிழங்குல ஒரு துண்டு, ஒரு சிட்டிகை உப்பு. பாட்டி மடிச்சுக் குடுத்தா காசும் கேக்க மாட்டா. சட்டை? பேரன் பொட்டியில, ஓடி முடிச்சதுக்குக் குடுத்த சட்டை மட்டும் பத்தொம்போது. எல்லாத்துலயும் முதுகு பூரா விளம்பரம். விளம்பரப் பலகையைத் தூக்கிக்கிட்டு நடக்கிறவனுக்குக் கம்பெனி கூலி குடுக்கும். இவன் காசு குடுத்துத் தூக்கிக்கிட்டுப் போறான். போட்டோவுல முகம் எப்படி இருக்குங்கிறீங்க? பல்லு புடுங்கப் போனவன் மாதிரி. அதுக்கு 50 வெள்ளி.

இதைவிட ஒரு கூத்து 2020-ல நடந்துச்சு. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டு ஊரே முடங்கிக் கெடந்த காலம். பந்தயமெல்லாம் நின்னுபோச்சு. ஆனா கட்டணம் நிக்கல! காசு கட்டுங்க, உங்க ஊர்லயே ஓடுங்க, தூரத்தைப் போன்ல காட்டுங்க, மெடலைத் தபால்ல அனுப்புறோம்னாங்க. இவனும் கட்டினான். கட்டுப்பாடு தளர்ந்ததும் திரிங்காப்புல எங்க வீட்டுக்கும் காய்கறிக் கொட்டகைக்கும் நடுவுல போயிப் போயி வந்தான். அவன் பொறந்த ஊரு, அவன் காலு, அவன் வேர்வை. இதுல தபால்காரரைத் தவிர வேற யாரும் வேலை செய்யல. அதை முழுசாத் தண்ணியில கழிச்சுட்டேன். சாக்கையும் சேத்து.

கட்டணம் இல்லாமலும் ஜனம் கூடும். கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயில்லேர்ந்து தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்துக்குப் பின்னால ராத்திரி பூரா ஜனம் பத்துமலைக்கு நடக்குது. நடந்து முடிச்சு, அதுக்கு மேல 272 படி. காவடிக்காரன் நெஞ்சுல நம்பர் துணி கிடையாது, கால்ல சப்பாத்து கிடையாது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்ல மோரு. யாரும் பேரு கேக்கிறதில்ல. அது வேண்டுதல், இது பொழுதுபோக்கு, ரெண்டையும் ஒரே தராசுல மாட்ட மாட்டேன். ஆனா ஜனம் ராத்திரியில ஒண்ணா நடக்கிறதுக்குக் காசு வேண்டாங்கிறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப நம்ம மலைக்கு வருவோம். காட்டோட்டம்னு ஒண்ணு வந்திருக்கு. பட்டணத்து ஆளுங்க காசு கட்டி கேமரன் மலைக்கு வந்து, தேயிலை மலைக்கு நடுவுலயும் காட்டுப் பாதையிலயும் ஏறி எறங்குறாங்க. நாங்க எறங்கிப் பொழைச்சாப் போதும்னு இருந்த சரிவுல ஏற அவங்க கட்டணம் கட்டுறாங்க. போகட்டும். அதுல ஒரு கட்டாயச் சாமான் பட்டியல் குடுப்பான். தலையில கட்டுற விளக்கு, விசில், குளிருக்குப் போத்திக்கிற மினுமினுப்புப் போர்வை, தண்ணிப் பை, மழைச்சட்டை. பேரன் அதைக் காட்டி, "இதெல்லாம் வீண் செலவு தாத்தா, விசில் எதுக்கு?"ன்னான். அன்னைக்குத்தான் எனக்கு நெசமாவே கோவம் வந்துச்சு.

"1967 மார்ச் 26. ஜிம் தாம்சன்னு ஒரு வெள்ளைக்காரர். தாய்லாந்துல பட்டு வியாபாரத்துல கொடிகட்டிப் பறந்தவர். நம்ம மலையில மூன்லைட் பங்களாவுக்கு விருந்தாளியா வந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சும்மா காலாற நடந்துட்டு வரேன்னு போனாரு. போலீஸ் தேடிச்சு, பட்டாளம் தேடிச்சு, காட்டை உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச ஓராங் அஸ்லி ஜனங்க தேடினாங்க, போமோ வந்து மந்திரம் போட்டுப் பாத்தாரு. இன்னைக்கு வரைக்கும் வரல. அவரு ஓடக்கூட இல்லப்பா, நடக்கத்தான் போனாரு. விசில் என்ன வெலை?"

"அஞ்சு வெள்ளி தாத்தா."

"ரெண்டா வாங்கு"ன்னேன்.

பனி எறங்கிட்டா இந்த மலையில பக்கத்து ஆளு தெரிய மாட்டான். உசுரைக் காக்கிற சாமான்ல கை சுருக்குறவன் கஞ்சன்கூட இல்ல, முட்டாள். விளக்கு, விசில், போர்வை எல்லாம் நயம் கொழுந்து. ஒரு குந்துமணி தண்ணி கழிக்கக் கூடாது.

அது உசுருக்கு. வேகமா ஓடுறதுக்குச் சாமான் வேணுமான்னு கேட்டா, நம்ம ஆளுங்களையே சொல்லுறேன். டாக்டர் மணி ஜெகதீசன் 1966-ல பேங்காக் ஆசிய விளையாட்டுல மூணு தங்கம் அள்ளிக்கிட்டு வந்தாரு. அதே விளையாட்டுல நம்ம ராஜாமணி 400 மீட்டர்ல தங்கம் வாங்கினாங்க. கையில கடிகாரம் நெஞ்சுத் துடிப்பைச் சொல்லல, நெஞ்சே சொல்லிச்சு. 1998-ல கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுல நம்ம கோவிந்தசாமி சரவணன் 50 கிலோமீட்டர் நடையில தங்கம். நடை! எடுத்துக்கிட்டது 4 மணி 10 நிமிஷத்துச் சொச்சம். பேரன்கிட்ட, "அவரு 50 கிலோமீட்டர் நடந்து முடிச்சு, குளிச்சு, சாப்பிட்டு உக்காந்தப்புறமும் நீ 42-ஐ ஓடிக்கிட்டு இருந்திருப்ப"ன்னேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல.

மூணாம் நாள் நானே வலியப் போயி, தேத்தண்ணி குடிக்கிற என் மங்கைக் காட்டினேன். வெள்ளை மங்கு, நீல ஓரம், அடியில ரெண்டு எடத்துல பூச்சு உதிர்ந்திருக்கு. சின்ன வயசுல தோட்டத்து ஸ்போர்ட்ஸ்ல ஓடி வாங்கினது. திடலை நாலு சுத்து. மண்டோர் விசில் ஊதினாரு, துரை மங்கைக் கையில குடுத்தாரு. "கட்டணம் இல்ல, சப்பாத்து இல்ல, ஜெல்லு இல்ல. ஆனா பரிசு இன்னைக்கும் வேலை செய்யுது. உன் மெடல்ல தேத்தண்ணி ஊத்த முடியுமா?"ன்னு நெஞ்சை நிமித்தினேன்.

அப்பத்தான் வீட்டுக்காரி முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டே வந்தா. "அதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஓடிப் பழகுறேன்னு வேலைக்குத் தாமசமா போனாரு இவரு. நாலு நாள் அரைநாள் சம்பளத்தைப் புடிச்சுட்டாங்க. அந்தக் காசுல அரை டஜன் மங்கு வாங்கியிருக்கலாம். அதையும் எழுதுடா தாளுல"ன்னா.

பேரன் எழுதிட்டான். கணக்குப்புள்ள இல்லையா.

மாட்டிக்கிட்டவன் சொல்லுறேன், கேட்டுக்கோங்க. ஓட்டம் யாருக்கும் சும்மா கிடைச்சதில்ல. நானும் வெலை குடுத்தேன். எவ்வளவுன்னு பாக்காம குடுத்தேன், அதுதான் தப்பு. வருஷத்துக்கு ஒரு பந்தயம், நெனைச்சாலே வயித்தைக் கலக்குற மாதிரி ஒண்ணு, அதுக்குத் தாராளமா கட்டுங்க. மிச்ச நாளுக்கு ரோடு இருக்கு. 2004-ல லண்டன் பக்கம் ஒரு பூங்காவுல பதிமூணு பேரோட ஆரம்பிச்ச பார்க்ரன் இன்னைக்குக் கோலாலம்பூர்லயும் நடக்குது. சனிக்கிழமை காலையில 5 கிலோமீட்டர், நேரமும் குறிச்சுக் குடுப்பாங்க, ஒரு காசு வேண்டாம். நம்ம மலையில பார்க்ரன்கூட வேண்டாம். சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலை மலைக்கு நடுவுல ஏறுற ரோடு விடியக்காலையில காலியாத்தான் கெடக்கும். பேரன் இப்ப சனிக்கிழமை அங்கதான் ஓடுறான். நான் கீழ பெஞ்சில உக்காந்து நேரம் குறிக்கிறேன், கூலி ஒரு ரொட்டி சானாய்.

அடுத்த பந்தயத்துக்குப் பேரு குடுக்கப் போற தம்பி, தங்கச்சிங்களே, கட்டணத்தை மட்டும் பாக்காதீங்க. பஸ்ஸு, ஓட்டல், சப்பாத்து, ஜெல்லு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதுங்க. தண்ணியைக் கழிங்க. எழுதினப்புறம் அந்தத் தாளை வீட்டுல இருக்கிற பொம்பளைங்க கையில ஒரு தடவை குடுத்துப் பாருங்க. விட்டுப்போனது எதுவோ, அவங்க சொல்லுவாங்க.